அதிசயம் ஏழு நாளா, எட்டு நாளா?

ஒரு நாளைக்குத்தான் எண்ணெய் இருந்தது. எட்டு நாள் எரிந்தது. அப்படியானால் அதிசயம் ஏழு நாள்தானே? முதல் நாள் எரிந்தது எண்ணெயின் வேலை. அதில் கடவுளுக்கு என்ன பங்கு? பிறகு எதற்கு எட்டு விளக்கு?

ஐந்து வயதுப் பிள்ளையின் கேள்வி போல இருக்கிறது. கேட்டவர் யோசேப் காரோ. 16-ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேத் நகரில் உட்கார்ந்து யூதச் சட்டத்தைத் தொகுத்த பேரறிஞர். வைதிக யூதர்கள் இன்றும் ஐயம் வந்தால் அவருடைய ‘ஷுல்கான் அரூக்’கைத்தான் புரட்டுவார்கள். தம் கேள்விக்கு அவரே மூன்று விடை சொல்லிப் பார்த்தார். எண்ணெயை எட்டுப் பங்காகப் பிரித்து ஊற்றினார்கள், ஒவ்வொரு பங்கும் ஓர் இரவு முழுக்க நின்று எரிந்தது என்பது ஒன்று. ஊற்றிய பிறகும் சாடி குறையவில்லை என்பது இன்னொன்று. பின்னால் வந்தவர்களுக்கு மூன்று போதவில்லை. நூறு விடைகளைத் திரட்டிய நூலே இருக்கிறது. ஒரு கேள்விக்கு நூறு விடை தேவைப்படுகிறது என்றால் எந்த விடையும் யாரையும் திருப்திப்படுத்தவில்லை என்றுதானே பொருள்?

ஹனுக்காவைப் பற்றித்தான் சொல்கிறேன். யூதர்களின் கிஸ்லேவ் மாதம் 25-ஆம் நாள் தொடங்கி எட்டு இரவுகள். பெரும்பாலும் டிசம்பரில் வரும். ஒன்பது கிளை விளக்கை ஜன்னலோரம் வைப்பார்கள். எட்டு கிளைகள் எட்டு இரவுகளுக்கு. ஒன்பதாவதன் பெயர் ஷமாஷ், அதாவது பணியாள். மற்றவற்றை ஏற்றிக் கொடுப்பது அதன் வேலை. எண்ணெயின் நினைவாக எண்ணெயில் பொரித்த பலகாரங்கள் உண்டு. கிழக்கு ஐரோப்பிய வழிவந்த வீடுகளில் உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த லாட்கே, இஸ்ரேலில் உள்ளே ஜாம் வைத்த சுஃப்கானியா. தங்கநிறத் தாள் சுற்றிய சாக்லேட் காசும், டிரைடல் என்கிற நான்கு முகப் பம்பரமும் கூடவே வரும். நெருப்பு, பலகாரம், இனிப்பு, கொஞ்சம் சூதாட்டம்! நாலு வயதுக் குழந்தைக்கு வேறென்ன வேண்டும்? குழந்தை மனதை அறிவதில் மதங்கள் நம் பள்ளிக்கூடங்களைவிடக் கெட்டிக்காரத்தனமானவை.

பலகாரத்தோடு கதையும் ஊட்டப்படுகிறது. கொடிய கிரேக்க அரசன் அந்தியோக்கு எருசலேம் கோவிலைத் தீட்டுப்படுத்தினான். யூதா மக்கபேயும் உடன்பிறந்தாரும் போரிட்டு மீட்டார்கள். விளக்கேற்றப் போனால் தீட்டுப்படாத எண்ணெய் ஒரு சின்னச் சாடி மட்டுமே. அது எட்டு நாள் எரிந்தது.

அந்தச் சாடியைப் பார்த்தது யார்?

கோவில் மீட்கப்பட்டது கி.மு. 164-இல். அந்தக் காலத்துக்கு மிக அருகில் எழுதப்பட்டவை மக்கபேயர் முதல் நூலும் இரண்டாம் நூலும். யூதர்கள் தங்கள் வேதத்தில் சேர்க்காமல் விட்ட இவற்றைக் கத்தோலிக்கர்கள் சேர்த்துக்கொண்டார்கள். தமிழிலேயே வாசிக்கலாம்; கத்தோலிக்க நண்பர் வீட்டுத் திருவிவிலியத்தைக் கேட்டு வாங்குங்கள். பழைய பலிபீடத்தை இடித்துப் புதிதாகக் கட்டியது, புதுப் பாத்திரங்கள் செய்தது, விளக்கேற்றியது, எட்டு நாள் கொண்டாடியது எல்லாம் அதில் இருக்கிறது. சாடி இல்லை. எட்டு நாள் ஏன் என்பதற்கு இரண்டாம் நூலே காரணம் சொல்லிவிடுகிறது. மலையிலும் குகையிலும் திரிந்த காலத்தில் கூடாரப் பெருவிழாவை அவர்களால் முறையாகக் கொண்டாட முடியவில்லை. அதே முறையில் இதை எட்டு நாள் கொண்டாடினார்கள். தள்ளிப்போன பண்டிகை, அவ்வளவுதான். காரோ கேள்வி கேட்பதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அதிசயம் தேவைப்படாத விடை எழுதி வைக்கப்பட்டிருந்தது.

அடுத்த சாட்சி யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ். மக்கபேயர் குடும்பத்தின் இரத்தம் தன் உடம்பில் ஓடுவதாகப் பெருமை பேசியவர். கி.பி. 94 வாக்கில் எழுதுகிறார். இந்தப் பண்டிகைக்கு ‘விளக்குகள்’ என்று பெயர் என்கிறார். நினைத்துப் பாராத நேரத்தில் விடுதலை வெளிச்சமாக வந்ததால் அப்பெயர் வந்திருக்கலாம் என்று ஊகிக்கிறார். சொந்தக் குடும்பத்துக் கதை. வீட்டில் அதிசயம் நடந்திருந்தால் மனிதர் ஏன் ஊகித்துக்கொண்டிருக்கிறார்?

சாடி நமக்குத் தெளிவாகக் கண்ணில் படுவது யூத அறிஞர்களின் சட்ட விவாதங்களைத் தொகுத்த பாபிலோனியத் தல்மூதில்தான். நிகழ்ச்சி நடந்து ஆறேழு நூற்றாண்டுகள் கழிந்த பிறகு தொகுக்கப்பட்டது அது. அங்கேகூட, ஹனுக்கா என்றால் என்ன என்று கேட்டுவிட்டுத்தான் கதையைத் தொடங்குகிறார்கள். போரைப் பற்றி அரை வரி, எண்ணெயைப் பற்றி மீதி.

இதுவரை சொன்னது பகுத்தறிவாளருக்கு எளிய வேலை. அதிசயத்தைப் பொய் என்று காட்டிக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடலாம். நம்மவர்கள் பலர் அங்கேதான் எழுந்துவிடுகிறார்கள். நான் இன்னும் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்கிறேன்.

ஏனென்றால் அதிசயத்தை எடுத்துவிட்டுக் கொண்டாடும் யூதர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஷெர்வின் வைன் என்ற ரபி (யூத சமயகுரு) 1963-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் அருகே ஒரு சபையைத் தொடங்கி, வழிபாட்டிலிருந்து கடவுளையே எடுத்துவிட்டார். அதற்கும் முன்னால் பாலஸ்தீனத்தில் குடியேறிய சியோனிச முன்னோடிகள் ஹனுக்காவைத் தேசியத் திருநாளாக்கிவிட்டார்கள். அதிசயத்தை வெளிப்படையாக மறுக்கும் எபிரேயப் பாட்டு ஒன்றை இஸ்ரேலியப் பிள்ளைகள் இன்றும் பாடுகிறார்கள். கடவுள் செய்யவில்லை, மனிதன் செய்தான் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

சரி, கடவுளை இறக்கிய பீடத்தில் யாரை ஏற்றியிருக்கிறீர்கள்?

மோதயின் என்ற சிற்றூர். அரசனின் ஆள் வந்து, கிரேக்க முறைப்படி பலியிடச் சொல்கிறான். ஒரு யூதன் முன்வருகிறான். யூதா மக்கபேயின் தந்தை மத்தத்தியா பாய்ந்து, அந்த யூதனைப் பலிபீடத்தின் மேலேயே வெட்டிக் கொல்கிறார். பிறகு அரசனின் ஆளையும் கொல்கிறார். விடுதலைப் போரின் முதல் வெட்டு அந்நியன்மேல் விழவில்லை. பக்கத்து வீட்டுக்காரன்மேல் விழுந்தது. பிறகு அவருடைய கூட்டம் ஊர் ஊராகப் போய், விருத்தசேதனம் செய்யப்படாத சிறுவர்களைப் பிடித்துக் கட்டாயமாகச் செய்துவைத்தது. இதைப் பகைவர் யாரும் எழுதவில்லை. மக்கபேயரைப் போற்ற எழுதிய நூலே பெருமையாகச் சொல்கிறது. பெற்றோர் வேண்டாமென்று விட்ட பிள்ளையின் உடம்பில் கத்தி வைத்தவர்களை அந்தப் பிள்ளையின் வயதுடையவர்களுக்கே நாயகர்களாகக் காட்டுவது என்ன அறம்?

உடனே எதிர்ப்பக்கம் ஓடிவிடவும் வேண்டாம். நாத்திக எழுத்தாளர் கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸ் 2007-இல் அப்படி ஓடினார். நாகரிகம் நோக்கிச் சென்ற யூதர்களைப் பழமைவாதிகள் வீழ்த்திய நாளைத்தான் ஹனுக்கா கொண்டாடுகிறது என்று எழுதி, கிரேக்கத்தின் பக்கம் நின்றார். எழுத்து காரசாரம்தான். ஆனால் அவர் நின்ற பக்கத்தில் இருந்தது யார்? அந்தியோக்கின் தந்தை ரோமிடம் தோற்று, கி.மு. 188 உடன்படிக்கைப்படி கட்ட வேண்டியிருந்த தண்டம் 15,000 தாலந்து (அக்கால எடை அளவு). கஜானா காலி. எனவே எருசலேமின் தலைமைக் குரு பதவி ஏலத்துக்கு வந்தது. யாசோன் என்பவர் 440 தாலந்து வெள்ளி தருவதாகச் சொல்லிப் பதவியைப் பிடித்தார். உடற்பயிற்சிக்கூடம் கட்ட அனுமதி கிடைத்தால் மேலும் 150 என்றார். சில ஆண்டுகளில் மெனலா என்பவர் 300 தாலந்து கூடுதலாகக் கேட்டு அவரைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். கிரேக்க அறிவொளி எருசலேமுக்குள் நுழைந்தது சாக்ரடீசின் கையைப் பிடித்துக்கொண்டல்ல, ஏலச் சீட்டைப் பிடித்துக்கொண்டு. பிறகு அந்தியோக்கு யூதர்களின் சனிக்கிழமை ஓய்வுநாளைத் தடைசெய்தான். பிள்ளைக்கு விருத்தசேதனம் செய்த தாய்மாரைக் கொன்று, சிசுக்களை அவர்கள் கழுத்தில் தொங்கவிட்டார்கள் என்று நூல் சொல்கிறது. பிள்ளைக்குச் செய்தால் கொலை, செய்யாவிட்டால் கட்டாயம்! இரண்டு படைகளுக்கும் நடுவில் கிடந்தது குழந்தையின் உடம்பு.

மத்தத்தியாவின் கணக்கில் ஒரு வரவும் உண்டு. அதை மறைப்பது நேர்மையில்லை. ஓய்வுநாளில் ஆயுதம் எடுக்கக்கூடாது என்று ஒரு கூட்டம் குகையில் கையைக் கட்டி நின்றது. பெண்டு பிள்ளைகளோடு ஆயிரம் பேர் செத்தார்கள். செய்தி கேட்ட மத்தத்தியாவும் தோழர்களும், எல்லோரும் இப்படியே இருந்தால் ஒருவரும் மிஞ்சமாட்டோம் என்று யோசித்து, ஓய்வுநாளிலும் தற்காப்புக்குப் போரிடலாம் என்று முடிவெடுத்தார்கள். வேதம் சொன்னதை உயிருக்காகத் திருத்திய இடம். அந்தப் பக்கத்தில் மட்டும் அவருக்கு ஒரு வணக்கம் வைக்கத் தோன்றுகிறது.

வென்றவர்கள் என்ன ஆனார்கள்? யூதாவின் அண்ணன் வழியில் ஆட்சியாளர்கள் வந்தார்கள். அவர்களில் யோவான் ஹிர்க்கானு பக்கத்து ஏதோமியரை வென்று, விருத்தசேதனம் செய்துகொள், இல்லையென்றால் நாட்டைவிட்டுப் போ என்றார். அந்தியோக்கு யூதருக்குச் செய்தது முகம் மாறித் திரும்பி வந்தது. அவர் மகன் அலெக்சாந்தர் யன்னாய் தன்னை எதிர்த்த யூதர்கள் 800 பேரைச் சிலுவையில் அறைந்து, அவர்கள் கண் முன்னாலேயே மனைவி மக்களை வெட்டச் சொல்லி, ஆசைநாயகியரோடு விருந்து சாப்பிட்டபடி பார்த்தான் என்கிறார் ஜோசபஸ். கடைசியில் இரண்டு உடன்பிறந்தாரின் பதவிச் சண்டைக்கு நடுவராக ரோமின் தளபதி பொம்பேயை அழைக்க, கி.மு. 63-இல் அவன் வந்து கோவிலுக்குள்ளேயே நுழைந்தான். மீட்ட கோவில் நூறே ஆண்டில் கையைவிட்டுப் போயிற்று.

மறுபடி சாடிக்கு வருகிறேன். இந்தச் சரித்திரத்தை எல்லாம் தெரிந்துவைத்திருந்த யூத அறிஞர்கள், மக்கபேயர் நூல்களை வேதத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு, பண்டிகையின் நடுவில் ஓர் எண்ணெய்ச் சாடியை வைத்தார்கள். ஹனுக்கா வாரத்து ஓய்வுநாளில் வாசிக்க அவர்கள் தேர்ந்தெடுத்த தீர்க்கதரிசனப் பகுதியும் படைபலத்தை ஒதுக்குகிற பகுதிதான். இதை அவர்கள் வேண்டுமென்றே செய்தார்களா என்பதை யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் விளைவு கண்முன் நிற்கிறது. வாளுக்கு மேல் எண்ணெய் ஊற்றப்பட்டது. அதிசயம் பொய்தான். ஆனால் அந்தப் பொய்யால் யாரும் கொலையாளியை வணங்கவில்லை, விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொய்யை உரித்துவிட்டு வாளைத் துடைத்துப் பிள்ளை கையில் கொடுப்பவர் தம்மைப் பகுத்தறிவாளர் என்று சொல்லிக்கொண்டால் நான் அந்தக் கட்சியில் இல்லை.

குழந்தைகளிடம் சொல்லக்கூடாத கதை எது என்று என்னைக் கேட்டால், சாடியை நான் சொல்லமாட்டேன். ஏழு மகன்களின் கதையைச் சொல்வேன். பன்றி இறைச்சி தின்ன மறுத்த ஏழு பிள்ளைகளையும் ஒரு தாயின் கண் முன்னால் ஒவ்வொருவராகச் சித்திரவதை செய்து கொல்கிறார்கள். மிஞ்சிய கடைக்குட்டியைக் காப்பாற்றத் தாயிடமே பேசச் சொல்கிறான் அரசன். அவள் மகனிடம் குனிந்து, அண்ணன்களைப் போல நீயும் சாவு என்கிறாள். மக்கபேயர் இரண்டாம் நூலில் இருக்கிறது; ஹனுக்காவோடு சேர்த்துப் பிள்ளைகளுக்கும் சொல்லப்படுகிறது. தாயின் வீரமாம்! ஒரு கவளத்தைவிட உன் உயிர் சிறிது என்று அம்மாவே சொல்லும் கதையைக் கேட்டுவிட்டுப் படுக்கும் பிள்ளைக்கு இரவு எப்படித் தூக்கம் வரும்? எட்டு நாள் எரிந்த எண்ணெயைப் பத்து வயதில் அந்தப் பிள்ளையே சிரித்துத் தள்ளிவிடும். சாகச் சொன்ன அம்மா அவ்வளவு எளிதில் போகமாட்டாள்.

அதிசயமும் வேண்டாம், வீரமும் வேண்டாம் என்றால் பிள்ளைக்கு என்ன மிஞ்சும், மரபே அறுந்துபோகாதா என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அவர்களுக்குக் கொங்கணக் கரையைக் காட்ட வேண்டும். கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய ஏழு தம்பதியரின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று சொல்லிக்கொள்ளும் பெனே இஸ்ரேலியர் அங்கே ஊர் ஊராக வாழ்ந்தார்கள். ஓய்வுநாளைக் காத்தார்கள், விருத்தசேதனம் செய்தார்கள். ஹனுக்கா மட்டும் அவர்களுக்குத் தெரியாது. வெளியூர் யூதர்கள் வந்து கற்றுக்கொடுத்த பிறகுதான் தெரிந்தது. அவர்கள் தொழில் என்ன தெரியுமா? செக்காட்டுவது. சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவதால் ஊரார் அவர்களைச் ‘சனிவார் தேலி’, சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்று அழைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக எண்ணெயிலேயே புழங்கியவர்கள், எண்ணெய் அதிசயத்தைக் கேள்விப்படாமலே யூதர்களாக இருந்திருக்கிறார்கள்.

உண்மையில் இந்தப் பண்டிகை பிள்ளைகளுக்குப் பெரிதானதே அண்மைக்காலத்தில்தான். சட்டப்படி இது சிறிய திருநாள். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் மரத்தைப் பார்த்து ஏங்கிய யூதப் பிள்ளைகளுக்காக அது ஊதப்பட்டது. சின்சினாட்டி நகரத்து ரபிகள் சபைக்கூடத்தில் பிள்ளைகளுக்கென்று விழா நடத்தத் தொடங்கினார்கள்; கடைக்காரர்கள் மீதியைப் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு மிஞ்சுவது என்ன? நிறையவே மிஞ்சுகிறது.

பம்பரத்தை எடுங்கள். நான்கு முகத்திலும் நான்கு எபிரேய எழுத்துகள்: நூன், கிமெல், ஹே, ஷின். ‘அங்கே ஒரு பெரிய அதிசயம் நடந்தது’ என்பதன் முதலெழுத்துகள் என்று பிள்ளைக்குச் சொல்கிறார்கள். இஸ்ரேலில் கடைசி எழுத்தை மாற்றி ‘இங்கே நடந்தது’ ஆக்கிவிட்டார்கள். அதிசயத்துக்கும் முகவரி மாற்றம் உண்டு. கிரேக்கப் படைவீரர்கள் வந்தால் வேதம் படிப்பதை மறைக்கப் பிள்ளைகள் இந்தப் பம்பரத்தைச் சுற்றினார்கள் என்று ஒரு கதையும் உண்டு. நடந்ததோ வேறு. இது ஐரோப்பியச் சூதாட்டப் பம்பரம். அந்த எழுத்துகள் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் ஆட்ட விதிகள்: ஒன்றுமில்லை, எல்லாம் உனக்கு, பாதி உனக்கு, நீ போடு. சூதாட்டம் முதலில், அதிசயம் பின்னால். ஆறு வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஒரு பொருளுக்கு அர்த்தம் எப்படிப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு எளிதாகக் காட்டாது.

விளக்கை எடுங்கள். பழைய யூத அறிஞர்களில் ஷம்மாய் பள்ளியார் முதல் நாள் எட்டு ஏற்றி ஒவ்வொன்றாகக் குறைக்கச் சொன்னார்கள். ஹில்லெல் பள்ளியார் ஒன்றில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கூட்டச் சொன்னார்கள். ஹில்லெல் பக்கம் வழக்கமாயிற்று; ஆனால் தோற்ற பக்கத்தின் வாதத்தையும் தல்மூது அழிக்காமல் வைத்திருக்கிறது. இரண்டு விளக்கை வைத்து ஒன்றில் கூட்டி, ஒன்றில் குறைத்துப் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். எது பிடித்தது, ஏன் பிடித்தது என்று கேளுங்கள். ஒரு கரண்டி ஒலிவ எண்ணெய் எவ்வளவு நேரம் எரிகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். திரி பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும், அது மட்டும் நிபந்தனை.

கதையும் வேண்டுமா? நடந்த கதையே இருக்கிறது. 1993 டிசம்பரில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துப் பில்லிங்ஸ் நகரில், ஐந்து வயது யூதச் சிறுவனின் அறை ஜன்னலில் ஹனுக்கா விளக்கின் படம் இருந்தது. யூத வெறுப்பாளர் கல்லை எறிந்து ஜன்னலை உடைத்தார்கள். பையன் அப்போது அறையில் இல்லை. ஊர்ச் செய்தித்தாளான ‘பில்லிங்ஸ் கெசட்’ விளக்கின் படத்தை முழுப்பக்கம் அச்சிட்டது. யூதரல்லாத ஆயிரக்கணக்கான வீட்டார் அதைக் கத்தரித்துத் தங்கள் ஜன்னலில் ஒட்டினார்கள். அதில் சிலர் வீட்டிலும் கல் விழுந்தது. அப்படியும் கிழிக்கவில்லை. பிள்ளை பெரியவனாகி நூலகத்தில் தேடினாலும் இந்தக் கதையில் ஒரு வரியையும் நீங்கள் திரும்பப் பெற வேண்டியிருக்காது.

இதெல்லாம் மதத்துக்கு வெளியிலிருந்து வந்தவன் சொல்லும் யோசனை என்று ஒதுக்குபவர்களுக்காக, சாடிக் கதை இருக்கிற அதே தல்மூதில் இரண்டு ஏடு தள்ளி ஒரு விதி இருக்கிறது. கையில் ஒரு விளக்குக்கு மட்டும்தான் காசு இருக்கிறது. வீட்டுக்கு வெளிச்சம் தரும் விளக்கா, ஹனுக்கா விளக்கா என்று கேள்வி. வீட்டு விளக்குக்குத்தான் முதலிடம் என்று தீர்ப்பு. காரணம் வீட்டாரின் அமைதி. இருட்டில் அவர்கள் துன்பப்படக்கூடாது. பிள்ளைக்கு முதலில் அந்த ஏட்டை வாசித்துக் காட்டுங்கள்.